அடுத்து, அறுநூற்றுப் பதினொன்று

முர்காபில் நேற்றிலிருந்து காற்று.
மருத்துவமனைக் கூரைமேல் இருக்கும் வட்டிலில்
பனி ஏறி உட்கார்ந்துவிட்டது.
துடைப்பத்தோடு ஏணியில் நிற்கிறேன், நான் மெதெர்பெக்,
மாவட்டத்துக்கு ஒரே கணினி ஆள்.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் நான்தான்.

கீழே ஒரு லாரி ஓட்டுநரின் மார்பு
படமாகிக் காத்திருக்கிறது.
கராக்கோல் ஏரிப் பக்கம் கவிழ்ந்தவர்.
மூச்சு இழுக்கிறது.
"போய்ச் சேருமா?" என்கிறாள் செவிலி சினார்குல்.
சேரும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
"சேரும்வரை அனுப்பும்" என்கிறேன்.

முதலில் படம் போகாது.
ஒரு கேள்விதான் போகும்: இருக்கிறாயா?
முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோரோக்குக்கு
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே ஏறி, இறங்கி.
இருக்கிறேன். என் குரல் கேட்கிறதா?
கேட்கிறது.
இந்த மூன்று பேச்சும் முடியாமல்
ஒரு துளி கொடுக்காது இயந்திரம்.
எங்கள் சந்தையில் கடனுக்கு மாவு தருகிறவன்கூட
இவ்வளவு விசாரிப்பதில்லை.

பிறகு அறுக்கிறது.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் துண்டு.
தான் விலா எலும்பா, வெறும் இருட்டா என்று
எந்தத் துண்டுக்கும் தெரியாது.
முதுகில் ஒரு எண். வழியில் எதுவும் கெட்டதா என்று
கூட்டிப் பார்க்க ஒரு கணக்கு. அவ்வளவுதான் சீதனம்.
முதலில் சில. சரி என்று பதில் வந்ததும் இருமடங்கு.
இன்னும் இருமடங்கு. ஆசை யாரை விட்டது?

காற்று வந்து வட்டிலை அறைந்தது.

அறுநூற்றுப் பத்து வரை வந்தது. அடுத்து, அறுநூற்றுப் பதினொன்று.

அறுநூற்றுப் பன்னிரண்டு போய்விட்டது, பதின்மூன்றும்.
இரண்டும் அங்கே வாசலில் நிற்கின்றன,
முன்னால் வரவேண்டியவன் வராத பந்தி மாதிரி.

அடுத்து, அறுநூற்றுப் பதினொன்று.
அடுத்து, அறுநூற்றுப் பதினொன்று.

கோபமில்லை அந்தக் குரலில். அதுதான் எனக்கு ஆச்சரியம்.
திரும்பத் திரும்பக் கேட்டதும் இங்கே உறைக்கிறது.
பத்திரமாய் வைத்திருந்த நகலை
மறுபடி அனுப்புகிறது.
பெற்றுக்கொண்டேன் என்ற சொல் வரும்வரை
எதையும் கை நழுவ விடாத பிடிவாதம்.

அப்புறம் அந்தக் குரலும் நின்றது.
ஒரு நொடி காத்து ஒருமுறை தட்டியது.
இரண்டு நொடி. நான்கு. எட்டு.
பதினாறு.
பதில் இல்லாத இடத்தில் இது கத்தாது,
விலகி விலகித் தட்டும்.

என் தம்பி எர்கெஷ் நோவோசிபிர்ஸ்க் போன புதிதில்
நாளுக்கொருமுறை எழுதினேன்.
அப்புறம் வாரம். மாதம். ஒரு குளிர்காலம்.
இயந்திரம் ஒரு எண்ணிக்கைக்கு மேல் கைவிடும்,
அறுந்தது என்று வெளிப்படையாய் அறிவித்துவிடும்.
எங்களுக்கு அதை அறிவிக்க யாருமில்லை.

"மெதெர்!"
துடைத்தேன். கையுறை கம்பியில் ஒட்டிக்கொண்டது,
விட்டுவிட்டேன்.
முப்பத்திரண்டாம் நொடியில்
கோரோக் வாய் திறந்தது:
அடுத்து, அறுநூற்றுப் பதினான்கு.

அடிபட்டது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது,
ஒன்று, இரண்டு, நான்கு, பயந்து பயந்து.

எல்லாம் போனபின் விடைபெறுதல்.
எனக்கு முடிந்தது. சரி. எனக்கும் முடிந்தது. சரி.
அந்தக் கடைசி 'சரி' போய்ச் சேர்ந்ததா என்று
சொல்ல இன்னொரு 'சரி' கிடையாது.
அதனால் எங்கள் இயந்திரம்
உடனே கதவைச் சாத்தவில்லை.
கொஞ்ச நேரம் காதைத் திறந்து வைத்திருந்தது.

"டாக்டர் பார்த்துவிட்டாரா?"
"பெட்டி வாங்கிக்கொண்டது.
பார்த்தாரா என்பது அதன் கணக்கில் இல்லை."
அவள் என்னைப் பார்த்த பார்வையில் பதில் சொல்ல முடியாத ஏதோ.

தொலைபேசி அடிக்கப் பதினேழு நிமிடம்.
இரைச்சலுக்குள் டாக்டர் ஷோகரிமோவா:
நுரையீரல் சுருங்கியிருக்கிறது. குழாய் போடு. இடப்பக்கம்.
"இடப்பக்கமா?"
இடப்பக்கம்.
"இடப்பக்கம்" என்றாள் சினார்குல்,
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டே ஓடினாள்.

கையுறை மேலேயே இருக்கிறது.
காற்று நிற்கவில்லை.